மைக்கை இறக்கி வையுங்கள்

(தில்லியில் தமிழ்ப் பெற்றோர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை உங்கள் முன் நிறுத்தித் தொடங்குகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் ஆகஸ்டு 14ஆம் தேதி காலை கொடியேற்றம். தில்லியில் பல பள்ளிகள் ஒரு நாள் முந்தியே விழாவை வைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். மறுநாள் செங்கோட்டை விழாவுக்காகப் பாதிச் சாலைகள் அடைபட்டுவிடும். அந்தச் சிறுமி தமிழில் பேசுவதாக ஏற்பாடு. உரையை எழுதிக் கொடுத்தவன் நான். ஒன்றரைப் பக்கம். அதில் ஏகாதிபத்தியம் இருந்தது, இன்னுயிர் ஈந்த தியாகிகள் இருந்தார்கள், அடிமைத் தளையும் இருந்தது. பதினைந்து நாள் மனப்பாடம் செய்தாள். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தடங்கலில்லாமல் ஒப்பித்தும் காட்டினாள்.

மேடையில் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். நான் பக்கத்திலிருந்து அடியெடுத்துக் கொடுத்தேன். என் குரல் அவள் காதில் விழவில்லை. உதடு துடித்தது. பெற்றோர்கள் நல்லெண்ணத்தோடு கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவள் அழுதுவிட்டாள். இறக்கி அழைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அழுகை அடங்கிய பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: "அடிமைத் தலைன்னா யாரோட தலை சார்?"

தளையை அவள் தலை என்றே கேட்டிருக்கிறாள். தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ் என்று வளர்கிற குழந்தைக்கு லகரமும் ளகரமும் ஒன்றாகவே விழுகின்றன. தளை என்ற சொல்லை அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லியதில்லை. ஆகவே பதினைந்து நாளும் அந்தக் குழந்தை வெட்டுண்ட ஏதோ ஒரு தலையை நினைத்துக்கொண்டே ஒப்பித்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் நின்றாள். அவளுக்கு ஞாபகசக்தி போதவில்லை என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையது. அதற்கடுத்த ஆண்டு அவள் பேச வர மறுத்துவிட்டாள். அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இத்தனை ஆண்டு வேலை செய்தேன் என்று சொல்லலாம். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான்: கொடிமரத்தின் கீழே நிற்கிற ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தையின் வாயில் பெரியவர்களுடைய உரையை வைக்காதீர்கள். அவள் கண்டதை, அவளுக்குப் புரிந்ததை, அவள் சொல்லட்டும். ஒரு நிமிடம் போதும்.

இதைச் சொன்னால் மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். தேசியக் கொடி விழா அல்லவா, கம்பீரமாக இருக்க வேண்டாமா என்கிறார்கள். அவர்களுக்காக இந்தியக் கொடி விதித் தொகுப்பையே எடுத்துப் பார்ப்போம். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்வி நிலையங்களில் கொடியேற்றுவதற்கென்று அதில் ஒரு மாதிரி முறையே தந்திருக்கிறார்கள். மாணவர்கள் மூன்று பக்கமும் நின்று திறந்த சதுரமாக அமைய வேண்டும். நான்காவது பக்கத்தின் நடுவில் கொடிமரம். தலைமையாசிரியரும் மாணவர் தலைவரும் கொடியை விரிப்பவரும் கொடிமரத்துக்கு மூன்று எட்டு பின்னால் நிற்க வேண்டும். பிள்ளைகள் வகுப்புவாரியாகப் பத்துப் பத்துப் பேராக நிற்க வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் குறைந்தது 30 அங்குல இடைவெளி. கொடி விரிந்ததும் வணக்கம், பிறகு தேசிய கீதம், அதன்பின் கைகூப்பி உறுதிமொழி. அவ்வளவுதான். எத்தனை எட்டு, எத்தனை அங்குலம் என்று கணக்குச் சொல்கிற அந்த முறையில் உரை பற்றி ஒரு சொல் இல்லை.

உரை நாம் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டது நல்லதுதான், குழந்தை முதன்முதலாக ஊரறியக் குரல் எடுத்துப் பேசும் இடம் அது. ஆனால் கொடிக்குச் செய்யும் மரியாதை அந்த நிற்றலிலும் வணக்கத்திலும் பாட்டிலும் முழுமையாகவே முடிந்துவிடுகிறது. அதன்பின் வருகிற உரை குழந்தைக்கானது. அங்கே போய்க் கடுஞ்சொற்களை அடுக்கிக் கம்பீரம் தேட வேண்டியதில்லை.

அப்படி அடுக்கப்படும் உரைகளில் சத்தியமும் பல நேரம் இருப்பதில்லை. ஆண்டுதோறும் ஒரே உரை கைமாறிக் கைமாறி வருகிறது. அக்கா பேசியதைத் தம்பி பேசுகிறான். அதிலுள்ள பிழையும் சேர்ந்தே வருகிறது. "1947 ஆகஸ்டு 15 அன்று நேரு செங்கோட்டையில் கொடியேற்றினார்" என்பதை நான் எத்தனை குழந்தைகள் வாயிலாகக் கேட்டிருப்பேன்! செங்கோட்டையில் நேரு கொடியேற்றியது மறுநாள், ஆகஸ்டு 16. பதினைந்தாம் தேதி மக்கள் திரண்டது இந்தியா கேட் அருகே பிரின்சஸ் பார்க்கில். கூட்டம் அலைமோதியதில் மவுண்ட்பேட்டனால் வண்டியை விட்டே இறங்க முடியவில்லை. கொடி ஏறிய நேரத்தில் வானில் வானவில் தோன்றியதென்று அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வானவில்லைக் கண்டால் தாவிக் குதிக்கிற வயது அது. அந்தக் குழந்தைக்கு வானவில்லை மறைத்துவிட்டு ஏகாதிபத்தியத்தைக் கொடுக்கிறோம். நமக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொன்று. ஆகஸ்டு 15க்கும் ஜனவரி 26க்கும் ஒரே உரையின் தேதியை மட்டும் மாற்றிப் பேச வைக்கிறார்கள். இரண்டு நாளும் கொடி ஏறுகிற விதமே வேறு. சுதந்திர தினத்தன்று கொடி கீழே கட்டப்பட்டிருக்கும். கயிற்றை இழுக்க இழுக்க மேலே ஏறி விரியும். அந்நிய ஆட்சி போய் நம் கொடி ஏறியதன் அடையாளம் அது. குடியரசு தினத்தன்று கொடி ஏற்கெனவே உச்சியில் முடிச்சிட்டு இருக்கும். இழுத்ததும் அவிழ்ந்து விரியும், உள்ளே வைத்த பூவிதழ்கள் கொட்டும். முன்னதைச் செங்கோட்டையில் பிரதமர் செய்கிறார், பின்னதைக் கர்த்தவ்ய பாதையில் குடியரசுத் தலைவர் செய்கிறார். ஒரு துண்டுத் துணியையும் சணல் கயிற்றையும் ஒரு குச்சியையும் கொடுத்து இரண்டையும் குழந்தைகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதன்பின் அந்தக் குழந்தை இரண்டு நாளையும் ஆயுளுக்கும் குழப்பிக்கொள்ளாது. பேசவும் அதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிடும்: "இன்னைக்குக் கொடி கீழேருந்து மேல போகும், பாருங்க." எவ்வளவு நல்ல முதல் வாக்கியம் அது!

சென்னையில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காத ஒரு பேறு தில்லிப் பிள்ளைக்கு உண்டு. பாடப்புத்தகத்தில் உள்ள இடமெல்லாம் மெட்ரோவில் போய் இறங்கிப் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. லால் கிலா நிலையத்தில் இறங்கினால் எதிரே லாகூர் வாசல். அங்கே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். ஆகஸ்டு விழாவையொட்டிச் செங்கோட்டையைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள், ஆகவே ஜூலைத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். தமிழ்க் குழந்தைக்குச் சொல்ல அங்கே தமிழ்நாட்டுச் சேதியும் இருக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான வழக்கு 1945இல் நடந்தது அந்தக் கோட்டைக்குள்தான்; அந்தப் படையில் பெண்கள் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். குடியரசுத் தலைவர் மாளிகையைக் காட்டினால், "நம்ம ராஜாஜி கவர்னர் ஜெனரலா இருந்து கடைசியா இந்த வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனார்" என்று சொல்லலாம். 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானது என்ற அறிவிப்பை அந்த மாளிகையின் தர்பார் மண்டபத்தில் வாசித்தவரும் அவரே. கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? சென்னையில் ஒரு நாள் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1947 ஆகஸ்டு 15 அன்று அந்தக் கோட்டையில் ஏறிய கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பெண்குழந்தை பேசப் போகிறாள் என்றால் ஹன்சா மேத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவு அரசியல் நிர்ணய சபையில் இந்தியப் பெண்களின் சார்பில் தேசியக் கொடியை வழங்கியவர் அவர். அதைக் கேட்ட ஒரு சிறுமி, "அப்ப கொடியை ஒரு அம்மா குடுத்தாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே அவள் உரையாக்கினோம்.

இனி, தயார் செய்வது எப்படி என்பதற்கு வருகிறேன். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை 73ஆம் அதிகாரம். இந்த வரிசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவையை அறிந்த பிறகுதான் அவைக்கு அஞ்சாமை. வள்ளுவர் அமைச்சருக்குச் சொன்னார். ஒன்றாம் வகுப்புக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். "பயப்படாதே, பயப்படாதே" என்று பதினைந்து நாள் சொல்கிறோம், அவையை ஒரு நாளும் காட்டுவதில்லை. வகுப்பறைக்குள் ஒப்பித்த குழந்தையை விழாவன்று காலை திடீரென்று ஆயிரம் பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். காலி மைதானத்துக்கு முதல் வாரமே அழைத்துப் போங்கள். கொடிமரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். மேடைப்படி எத்தனை என்று எண்ணட்டும். பேசுகிற இடத்தில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, "இதுதான் உன் இடம்" என்று சொல்லுங்கள். பிறகு நான்கு தோழர்கள் முன்னால் பேசட்டும், பிறகு பக்கத்து வகுப்பு முன்னால், பிறகு காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம்.

மைக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழந்தைகள் நின்றுபோவதற்கு மறதியைவிட மைக்தான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். பெரிய மைதானத்தில் எதிர்ப்பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து நம் குரலே சற்றுப் பிந்தி நம்மிடம் திரும்பி வரும். பெரியவர்களே தடுமாறுவார்கள். குழந்தை அதைக் கேட்டதும் வேறு யாரோ தன்னோடு பேசுகிறார்கள் என்று எண்ணி நிறுத்திவிடும். மைக் ஓடுகிறபோது ஒரு முறையாவது ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். "அது உன் குரல்தான், ஊரெல்லாம் சுத்திட்டு வருது" என்று ஒரு பையனிடம் சொன்னேன். அதன்பின் அவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, அது சுற்றித் திரும்பும் வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னான். அந்த ஆண்டு மிகத் தெளிவாகப் பேசியவன் அவனே. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி போதும். கத்தச் சொல்லாதீர்கள். குரலை உயர்த்தினால்தான் வீரம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிறு தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மைக் எதற்காக இருக்கிறது?

அடுத்தது தமிழ். இது தில்லிக்கே உரிய சிக்கல். அரசு அலுவல்களுக்காக வந்த தமிழர்கள் 1920களிலேயே தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மந்திர் மார்க்கிலிருந்து ஜனக்புரி வரை அவை இருக்கின்றன. ஆனால் தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் அங்கேயே படிப்பதில்லை. நகரம் முழுக்கச் சிதறிப் படிக்கிறார்கள். எங்கே படித்தாலும், "தமிழில் இரண்டு நிமிடம் பேசு" என்றதும் வீட்டில் நடப்பது ஒன்றுதான். அப்பா எழுதுகிறார், பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வேகமாகப் படிக்க வராது, ஆகவே அம்மா அதை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ மாற்றிக் கொடுக்கிறார். அதைப் பார்த்து மனப்பாடம் செய்கிற குழந்தை தமிழ் என்ற சொல்லையே தமில் என்றுதான் சொல்லும். இந்தி எழுத்து வழக்கில் அப்படித்தானே எழுதுகிறார்கள்? வேறு எழுத்தில் எழுதிக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். படிக்க வராத குழந்தைக்குக் காதால் சொல்லிக் கொடுங்கள். தாலாட்டும் கதையும் விடுகதையும் நமக்கு அப்படித்தானே வந்து சேர்ந்தன?

ழகரம் வராத ஐந்து வயதுக் குழந்தையை அதற்காக வாட்டவும் வேண்டாம். நாக்கு பழகக் காலம் பிடிக்கிற ஒலி அது. ரகரமும் றகரமும் அப்படியே. விழாவுக்குப் பத்து நாள் முன்னால் உட்கார வைத்துத் திருத்தினால் ஒலி திருந்தாது, பேச்சின் மேலேயே வெறுப்பு வரும். உரையில் ழகரச் சொல் மூன்றுக்கு மேல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்தத் தமிழில் பேச வேண்டும் என்ற கேள்வி அதைவிடப் பெரியது. வீட்டில் "போறேன், வரேன்" என்கிற குழந்தை மேடையில் மட்டும் "செல்கின்றேன், வருகின்றேன்" என்று சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டுக் குழந்தைக்கு மேடைத்தமிழ் காதில் விழுந்துகொண்டாவது இருக்கும். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், பள்ளி விழா என்று கேட்டுப் பழகும். தில்லிக் குழந்தைக்கு அது வேற்றுமொழி. என் முடிவை வெளிப்படையாகச் சொல்கிறேன், தமிழாசிரியர்கள் சிலர் கோபித்துக்கொண்டாலும் சரி: இரண்டாம் வகுப்பு வரை குழந்தை வீட்டுத் தமிழிலேயே பேசட்டும். வணக்கம் சொல்லித் தொடங்கட்டும், வணக்கம் சொல்லி முடிக்கட்டும். நடுவில் "எங்க தாத்தா சொன்னாங்க" என்று இருக்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து மெல்ல மெல்ல எழுத்துத்தமிழுக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். நடுவர்களாக உட்காருகிறவர்கள் பேச்சுத்தமிழுக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டுவிட வேண்டும்.

மதிப்பெண் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாரைப் பேச அழைக்கிறோம்? பெரும்பாலும் போன ஆண்டு பேசிய அதே குழந்தையைத்தான். எழுதிக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிற குழந்தையை. விழுப்புரம், சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்து வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டிவிட்டுப் போகிறார்கள். ஜங்புராவில் பாராபுலா வாய்க்கால் ஓரமாக மதராஸி கேம்ப் இருந்தது. பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்த குடியிருப்பு. 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி அதை இடித்தார்கள். சுமார் 370 குடிசைகள். மாற்று வீட்டுக்குத் தகுதியென்று தேர்வான குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் இடம் ஒதுக்கினார்கள். மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். கோடை விடுமுறை நேரம். அடுத்த மாதம் பள்ளி திறந்தது, அதற்கடுத்த மாதம் கொடியேற்றம். அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக் கொடிமரத்தின் கீழே நிறுத்தி, "உன் நாட்டைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் என்ன சொல்லியிருக்கும்? அதைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கொடி அந்தக் குழந்தைக்கும் சொந்தம்.

வீட்டுவேலை செய்யும் ஒரு தாயின் மகன் என் வகுப்பில் இருந்தான். அதிகம் பேசமாட்டான். அந்த ஆண்டு நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "நீ கொடியை எங்கே பார்த்தாய்?" சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். அவன் சொன்னது நான்கு வாக்கியம். விழாவன்று அதையே மேடையில் சொன்னான்.

"எங்கம்மா வேலை செய்யற வீட்டு மாடியில கொடி இருக்கு. மழை வந்தா அம்மா அதை உள்ள எடுத்துட்டு வருவாங்க. ஈரமா இருந்தா விரிச்சுக் காயப்போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க. கீழ மட்டும் வைக்கவே மாட்டாங்க."

வணக்கம் சொல்லி இறங்கிவிட்டான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கொடி தரையில் படக்கூடாது என்பது விதித் தொகுப்பில் உள்ளது. அந்த அம்மா அதைப் படித்தவரல்லர். அன்று எட்டாம் வகுப்பு மாணவர்கள் மூவர் நீண்ட உரைகள் ஆற்றினார்கள், நன்றாகவே ஆற்றினார்கள். ஆனால் விழா முடிந்ததும் கீழே கிடந்த காகிதக் கொடிகளைப் பிள்ளைகள் தாமாகவே பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆண்டுதோறும் நாங்கள் மைக்கில் கெஞ்சியும் நடக்காதது அது.

அந்தக் கேள்வியை உங்களுக்கும் தருகிறேன். கொடியை எங்கே பார்த்தாய், யார் ஏற்றினார்கள், உனக்கு எந்த நிறம் பிடிக்கும், சக்கரத்தில் ஆரம் எத்தனை எண்ணு பார்ப்போம். இருபத்து நான்கு ஆரத்தை எண்ணுவது ஐந்து வயதுக்குப் பெரிய வேலை. எங்கே தொடங்கினோம் என்பது மறந்து சுற்றிச் சுற்றி எண்ணுவார்கள். ஒரு ஆரத்தில் விரலை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். எண்ணி முடித்த குழந்தை அதை யாரிடமாவது சொல்லியே தீரும். அந்தத் துடிப்புத்தான் உரை. ஒன்றாம் வகுப்புக்கு நான்கு வாக்கியம், இரண்டாம் வகுப்புக்கு ஆறு, மூன்றாம் வகுப்புக்குப் பத்து. ஒரு வாக்கியத்தில் ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். தியாகிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒருவரைச் சொல்லுங்கள், பத்துப் பெயரை அடுக்காதீர்கள். திருப்பூர் குமரன் 1932 ஜனவரியில் தடியடிபட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை, அப்போது அவருக்கு வயது 27. இதைக் கதையாகக் கேட்ட குழந்தை, "விடவே இல்லையா?" என்று திரும்பக் கேட்கும். அப்படிக் கேட்டால் பேசத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

மறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை. "மறந்துட்டா மூச்சு விடு, கொடியைப் பாரு, வணக்கம்னு சொல்லிட்டு இறங்கி வா. அதுவும் சரிதான்." இப்படி இரண்டு முறை வேண்டுமென்றே மறந்துபோவது போல் நடித்துப் பார்த்த குழந்தைகள் மேடையில் அநேகமாக மறப்பதே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைத்து அடியெடுத்துக் கொடுக்கிற தாய்மார்களே, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தை அப்போது அவையைப் பார்ப்பதில்லை, உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவரிசையில் போய் உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் "ஏன் மறந்தே?" என்று கேட்காதீர்கள்.

பேச விரும்பாத குழந்தையை விட்டுவிடுங்கள். இதைச் சொல்லும்போது 1986இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் மதநம்பிக்கையினால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த வழக்கில் எழுதிய தீர்ப்பு, பாடாமல் மரியாதையோடு நிற்பது அவமதிப்பு ஆகாது என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அங்கே காரணம் மதம். இங்கே காரணம் வெறும் கூச்சமாக இருக்கலாம். ஆனாலும் நேராக நிற்கும் ஒரு குழந்தையின் மௌனத்தை மதிக்க நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தையிடம் பூவிதழ்களைக் கொடுங்கள். கொடிக்குள் வைத்து மடிக்கட்டும். விழாவில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

விழா நாள் காலையைப் பற்றிச் சில சொற்கள். ஆகஸ்டில் இங்கே புழுக்கம் தாங்காது. ஆறரைக்கே பள்ளிக்கு வரச் சொல்கிறோம், குழந்தை வெறும் வயிற்றோடு வந்து ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கிறது, மயங்கி விழுகிறது. இரண்டு இட்லியாவது கொடுத்து அனுப்புங்கள். ஜனவரியில் நேர்மாறு: மூடுபனி, உதடு விறைத்துச் சொல் குழறும். தவிர, பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை ஜனவரி பாதிவரை போய்விடுவதால் பழக்குவதற்குப் பத்து நாள்கூடக் கிடைக்காது. ஜனவரிக்கு உரையை இன்னும் சுருக்குங்கள், ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். பாரதி வேடமோ பாரதமாதா வேடமோ போடுகிற குழந்தையைப் பேசவும் சொல்லாதீர்கள். ஒட்டிய மீசை எப்போது விழுமோ என்ற கவலையில் எந்தக் குழந்தையாலும் பேச முடியாது. சிறுவர்களை முதலில் பேசவிட்டு நிழலில் உட்கார வையுங்கள். தலைமை விருந்தினர் காத்திருக்கலாம், அவர் பெரியவர்.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இது. ஜூலை முதல் தேதி பள்ளி திறக்கிறது. கொடியேற்றத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. பழைய உரைத் தாள்களை எடுக்காதீர்கள். முதல் வாரம் எல்லாக் குழந்தைகளையும் கேளுங்கள், சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சென்ற ஆண்டு பேசாத குழந்தையைத் தேர்ந்தெடுங்கள். விழாவன்று காலை, நாற்காலி போடுவதற்கும் கோலம் போடுவதற்கும் முன்னால், மைக் கம்பியின் திருகைத் தளர்த்தி அந்தக் குழந்தையின் வாய் உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.